படக்காவும் போக மறுத்த கேள்வியும்

மெத்தைக் கம்பெனியின் ஆர்டர் பிரிவில் இருந்தவளுக்குப் படக்கா என்று பெயர் வைத்தவர் கிடங்குக்காரர். கம்ப்யூட்டர் திரையில் எது வந்தாலும் படம் எடுத்து வைக்கிற அக்கா என்று பொருள் கொள்ளலாம். எது வந்தாலும் யோசிக்காமல் படக்கென்று பொத்தானை அமுக்குகிறவள் என்றும் கொள்ளலாம். இரண்டும் உண்மை என்பதால் பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. ஒரே சங்கடம், கிடங்குக்காரர் அவளைவிட வயதில் நன்றாக மூத்தவர். தான் வைத்த பெயருக்காகவே அவளை அக்கா என்று கூப்பிட வேண்டிய நிலைமை அவருக்கு.

அதற்கு முன்பு அவளுக்கு இருந்த ஒரே அடையாளம், சொல்வதை யாரும் நம்பாத பெண் என்பது. மூன்று அக்காக்களுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி. கடைக்குட்டி சொல்வதை எந்த வீட்டில் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? சின்ன வயதில் ஒரு நாள், அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு குதிரை நிற்பதைப் பார்த்தாள். பழுப்புக் குதிரை. சேணம்கூடப் போட்டிருந்தது. ஓடிப்போய் வீட்டில் சொன்னாள். அம்மா வந்து, அக்காக்கள் வந்து, பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்தபோது படிக்கட்டு மட்டும்தான் இருந்தது.

"குதிரை எப்படிடி மாடி ஏறும்?" என்று கேட்டாள் பெரியக்கா.

"ஏறினதை நான் பாக்கல. நின்னதைத்தான் பாத்தேன்."

அவ்வளவுதான். அதன்பிறகு அவள் காய்ச்சல் என்று சொன்னால்கூட, "குதிரைக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுத்தான் நெற்றியில் கை வைத்தார்கள்.

கல்யாணம் ஆனது. கணவர் பல் செட் செய்கிறவர். வீட்டு முன்னறையில்தான் அவருடைய பட்டறை. அலமாரி முழுக்க அச்சு எடுத்த தாடைகள், வரிசையாக, வாயைத் திறந்தபடி. நாள் முழுக்கப் பேசாத வாய்களோடு வேலை பார்த்துப் பழகியதாலோ என்னவோ, அவரும் அதிகம் பேசமாட்டார். அவள் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்பார். அதில் நம்பிக்கையும் இருக்காது, சந்தேகமும் இருக்காது. உப்பு உறைப்பு இல்லாத ஒரு "அப்படியா".

கம்பெனியிலும் கதை அதேதான். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை அவளுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் மெத்தை தைக்கும் இயந்திரம் ஓடுவதால் மேசைமேல் வைத்த பேனா மெல்ல மெல்ல நகர்ந்து சாயங்காலத்துக்குள் ஓரத்துக்கு வந்துவிடும். அவளுடைய கம்ப்யூட்டரை, ஏதோ ஒரு உற்சாகத்தில், மேனேஜர் தமிழில் மாற்றி வைத்திருந்தார். அது மேடைப் பேச்சாளர் மாதிரித்தான் பேசும். "எதிர்பாராத பிழை நேர்ந்துள்ளது" என்று திடீரென்று ஒரு வெள்ளைப் பெட்டி நடுத்திரையில் வந்து நிற்கும். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் போய்விடும். கூடவே அவள் பாதி அடித்திருந்த ஆர்டரும் போய்விடும்.

ரிப்பேர்காரத் தம்பியைக் கூப்பிடுவார்கள். அவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டர், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அடக்க ஒடுக்கமாக நடந்துகொள்ளும்.

"இப்ப நல்லாத்தானேக்கா இருக்கு?"

"வந்துச்சு தம்பி. வெள்ளையா ஒரு பெட்டி. ஏதோ பிழைன்னு சொல்லிச்சு."

"என்ன பிழைன்னு சொல்லிச்சு?"

"படிக்கிறதுக்குள்ள போயிடுச்சே."

"நீங்க எதை அமுக்கினீங்க?"

"நான் ஒண்ணையும் அமுக்கல."

"எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அவன் பையை மாட்டிக்கொண்டு போய்விடுவான். மேனேஜர் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் ஒரு பழுப்புக் குதிரை நிற்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

இப்படிப் பல தடவை அலைந்து சலித்த ஒரு நாள்தான் அந்தத் தம்பி சொன்னான். "அடுத்த தடவை வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

"என்ன ஷாட்டு?"

"திரையில இருக்கிறதை அப்படியே படமா எடுக்கிறது."

"போன்ல எடுக்கவா?"

"வெளியேருந்து இல்லக்கா, உள்ளேருந்தே எடுக்கலாம்." விசைப்பலகையின் மேல்வரிசையில், வலது பக்கமாக ஒரு விசையைக் காட்டினான். அந்த விசையை அவள் நன்றாக அறிவாள். பிரிண்ட் என்று எழுதியிருந்ததால் அது பிரிண்டருக்கு உரியது என்று நினைத்திருந்தாள். பிரிண்டர் இருந்தது கணக்குப் பிரிவில். அடுத்தவர் சாமானைத் தொடுவானேன் என்று இத்தனை காலமும் அதன்மேல் விரல் படாமல் மரியாதையாக வேலை பார்த்துவந்தாள்.

இப்போது அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"எடுத்தாச்சு" என்றான் தம்பி.

"எங்க போச்சு?"

"கிளிப்போர்டுல இருக்கு."

"அது எங்க இருக்கு?"

"கண்ணுக்குத் தெரியாதுக்கா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத பலகையில் கண்ணுக்குத் தெரியாத படம் இருக்கிறதாம். அதைச் சொன்னால் நம்ப வேண்டுமாம். குதிரை நின்றது என்றால் மட்டும் நம்பமாட்டார்களாம். அவள் முகம் போன போக்கைப் பார்த்த தம்பி, "சரி, அது வேணாம். இந்த விண்டோஸ் விசையையும் சேத்து அமுக்குங்க" என்றான். அமுக்கினாள். திரை ஒரு கணம் இருண்டு வெளுத்தது. யாரோ கண் சிமிட்டியதுபோல. பிறகு அவன் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினான். அதற்குள் சற்றுமுன் இருந்த திரை அப்படியே, அச்சு அசலாக, கைகட்டி நின்றது.

அடுத்த வாரத்திலேயே அந்த வெள்ளைப் பெட்டி வந்தது. அவள் கண்ணாடியைத் தேடவில்லை. இரண்டு விசைகள்மேல் இரண்டு விரல். படக். பெட்டி போய்விட்டது, ஆனால் எங்கும் போகவில்லை. படத்தைத் தம்பிக்கு அனுப்பினாள். அவனிடமிருந்து உடனே பதில் வந்தது: "ஆமாக்கா. வந்திருக்கு."

அந்த இரண்டு வார்த்தைகளை அவள் எத்தனை தடவை படித்தாளோ தெரியாது. "ஆமாக்கா." அவள் வாழ்க்கையில் அப்படி ஒருவர் எழுத்தில் சொன்னதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பதிலையும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வாடிக்கையாளர் "நான் நீல உறைதான் கேட்டேன்" என்று குதித்தால், படம். மேனேஜர் "அப்படி நான் மெயில் போட்டேனா?" என்று தலையைச் சொறிந்தால், படம். வானிலைப் பக்கத்தில் மழை இல்லை என்று போட்டிருந்த அன்று மழை கொட்டியபோது, சன்னலைத் திறந்து மழைக்கே அந்தப் படத்தைக் காட்டியவள் அவள். கம்பெனியில் எல்லாரும் அவளுக்கு எழுதும்போது முற்றுப்புள்ளி வைக்கத் தொடங்கினார்கள். சிலர் வணக்கம் சொல்லி ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு ஒரு டேப்லட் வந்தது. நடு அக்காவின் மகள் புதிது வாங்கியதும் பழையதைச் சித்திக்குத் தள்ளிவிட்டிருந்தாள். அதில் படம் எடுப்பது வேறு வித்தை. பவர் பொத்தானையும் சத்தம் குறைக்கிற பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். ஒன்று முந்தினால் திரை அணையும். விரல் தவறி மேல் பொத்தானில் பட்டால் சத்தம் ஏறும். அக்காக்களோடு வீடியோவில் பேசும்போது அவள் பழகினாள். நடு அக்கா, "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று ஆரம்பித்த நேரமாகப் பார்த்துச் சத்தம் ஏறி, பல் கட்ட வந்து முன்னறையில் காத்திருந்த பெரியவர் வரைக்கும் அந்த ரகசியம் போய்ச் சேர்ந்தது. அவர் பல் இல்லாத வாயோடு, "பாவம்" என்றார்.

பழகியபின் கை தேர்ந்துவிட்டது. ஆனால் எடுத்த படங்களிலெல்லாம் பெரியக்கா பாதிக் கண்ணை மூடியிருந்தாள், அல்லது தும்முவதற்குத் தயாராக இருந்தாள். அதைக் குடும்பக் குழுவில் போட்டாள். பெரியக்கா பொங்கிவிட்டாள்.

"ஏண்டி, மனுஷியை நிம்மதியா மூஞ்சியை வெச்சுக்க விடமாட்டியா?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. உன் மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு. படம் இருக்கு."

பெரியக்கா அன்றுமுதல் எழுதுவதையும் முகம் காட்டுவதையும் நிறுத்திவிட்டு வெறும் குரலை மட்டும் அனுப்பினாள். குரல் வந்திருப்பதைக் காட்டும் நெளிநெளிக் கோட்டைப் படக்கா படம் எடுத்தாள். நடு அக்கா அந்த உரையாடலைப் படம் எடுத்து மூன்றாவது அக்காவுக்கு அனுப்ப, மூன்றாவது அக்கா அதைப் படம் எடுத்து இவளுக்கே அனுப்ப, படத்துக்குள் படம், அதற்குள் படம் என்று போய், எழுத்தெல்லாம் எறும்பாகி, கடைசியில் சண்டை எதற்கு என்பது யாருக்கும் படிக்கவே முடியாமல் போனது. அதனால் தானாகச் சமாதானம் ஆயிற்று.

கணவர் மட்டும் வம்பில் மாட்டவில்லை. "நான் மெசேஜே போடறதில்லையேம்மா" என்றார்.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. கெடுதல் செய்தது ஒரு சொல். எடுத்த படத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானை அமுக்கினால் ஒரு பட்டியல் விழும். அதில் "டெஸ்க்டாப் பின்னணியாக அமை" என்று இருந்தது. பின்னணி என்றால் பின்னால் வைப்பது; பின்னால் வைப்பது என்றால் பத்திரமாக உள்ளே எடுத்து வைப்பது என்று படக்கா அர்த்தம் பண்ணிக்கொண்டாள். மேனேஜரின் தமிழ்க் கம்ப்யூட்டர் அவள் தலையில் கட்டிய அர்த்தம் அது. தினமும் சாயங்காலம் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வெறும் திரையில் சின்னங்கள் மட்டும் வரிசையாக இருக்கும்போது ஒரு படம் எடுப்பாள். எது எது எங்கெங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி. அதைப் "பின்னால்" வைப்பாள். திரையின் படம் திரைக்குப் பின்னாலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அசல் சின்னங்கள் அதன்மேல் இம்மி பிசகாமல் நிற்பதால் வித்தியாசம் எதுவும் தெரியாது. பூட்டிய பீரோவை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிற திருப்தியோடு வீட்டுக்குப் போவாள்.

ஒரு நாள் காலையில் மேனேஜர் அவள் அறைக்கு வந்தார். பழைய மாடல் மெத்தைகளின் படங்கள் இருந்த ஒரு ஃபோல்டர் இடத்தை அடைக்கிறது, நீக்கிவிடலாம் என்றார். அவரே மவுஸைப் பிடித்து, அவரே "நீக்கு" என்பதை அமுக்கினார். நடுத்திரையில் பெட்டி வந்தது: "இந்தக் கோப்புறையை நிரந்தரமாக நீக்க விரும்புகிறீர்களா?" கீழே "ஆம்", "இல்லை".

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் படக்கா. "நாளைக்கே, யார் நீக்கினதுன்னு ஒரு பேச்சு வரும். ஒரு படம் எடுத்துக்கறேன்."

"எடுங்கம்மா" என்றார் மேனேஜர். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மறுக்க முடியுமா? படக்கா எடுத்தாள். எடுத்ததோடு விட்டிருக்கலாம். முக்கியமான சாட்சி ஆயிற்றே என்று, அதையும் கையோடு பின்னால் வைத்துவிட்டு நகர்ந்தாள். மேனேஜர் "ஆம்" என்பதை அமுக்கினார்.

கேள்வி போகவில்லை.

மறுபடி அமுக்கினார். "இந்தக் கோப்புறையை நிரந்தரமாக நீக்க விரும்புகிறீர்களா?" என்று கேட்டபடி அது அப்படியே நின்றது. ஃபோல்டரும் அப்படியே நின்றது.

"அதான் விரும்பறேன்னு சொல்றேனே!" என்றார் மேனேஜர், கம்ப்யூட்டரிடம்.

உண்மையில் அசல் பெட்டி முதல் தடவையே மரியாதையாகப் போய்விட்டது. நின்றுகொண்டிருந்தது அதன் படம். அது யாருக்குத் தெரியும்? சத்தம் கேட்டுக் கணக்குப் பிரிவு அம்மா வந்தார். "கொஞ்சம் மெதுவா அமுக்குங்க சார், பயந்துடும்" என்று சொல்லி, குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல "ஆம்" மேல் தொட்டுப் பார்த்தார். கிடங்குக்காரர் வந்து, மெத்தை மூட்டைகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய விரலால் ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினார். மவுஸ் நசுங்கியதே தவிரக் கேள்வி அசையவில்லை.

"இல்லைன்னு சொல்லிப் பாப்போமா?" என்றாள் படக்கா.

"இல்லை"யை அமுக்கினார்கள். அதற்கும் அது மசியவில்லை.

கணக்குப் பிரிவு அம்மாவுக்கு இப்போது ஒரு சந்தேகம் வந்தது. "சார், நாம அமுக்கின ஒவ்வொரு ஆமுக்கும் உள்ளே ஏதாவது ஒண்ணு அழிஞ்சிட்டே இருந்தா?"

மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. அதுவரைக்கும் அமுக்கிய ஆம் எத்தனை, இல்லை எத்தனை என்று ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். ஆமாவின் கையே ஓங்கியிருந்தது. சரிக்கட்டுவதற்காக மேனேஜர் கொஞ்ச நேரம் "இல்லை"யை மட்டும் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். கேள்வி, திரும்ப வந்து முதல் ஆளாக நின்றது. கிடங்குக்காரர்தான் ஒன்றைக் கவனித்தார். "சார், ஆர்டர் பக்கம் திறக்குதே. கேள்வியை அதுக்குப் பின்னால மறைச்சிட்டு நாம பாட்டுக்கு வேலையைப் பாக்கலாமே?"

"எப்படிய்யா பாக்கிறது? பதில் வராம அது பின்னால நின்னுக்கிட்டே இருக்குமில்ல?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு கேள்வி முதுகுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்கும்போது யாரால் மெத்தை விற்க முடியும்? வேலை நின்றது. வந்த ஆர்டர்களைப் படக்கா போனில் கேட்டு உரக்கச் சொல்ல, கிடங்குக்காரர் கிடங்கு வாசலில் நின்று காதில் வாங்கிக்கொண்டார். நடுவில் தையல் இயந்திரம் ஓடியது. ஒரு விடுதிக்குப் போக வேண்டிய ஒற்றை மெத்தைகள் அத்தனையும் அன்றைக்கு ஒரே மெத்தையாகத் தைக்கப்பட்டு லாரியில் ஏறின. அதை விடுதி வாசலுக்குள் நுழைக்க முடியாமல் இரண்டு பேர் அதன்மேலேயே படுத்துத் தூங்கிவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

ரிப்பேர்காரத் தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தான், அவனுடைய கல்யாணத்துக்குத்தான், அதனால் கூப்பிட முடியவில்லை. தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு அதிகாரி உண்டு. அவரைக் கூப்பிட்டார் மேனேஜர்.

"ஆம்ங்கறதை அமுக்குங்க" என்றார் அதிகாரி.

"அமுக்கியாச்சு சார்."

"அப்புறம்?"

"கேக்கறதையே கேக்குது சார்."

"எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க."

அறையில் இருந்த எல்லாரும் படக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விரல்களை ஒரு தடவை நீட்டி மடக்கி, படம் எடுத்து அனுப்பினாள். அவள் கை அன்றைக்குப் போல என்றைக்கும் பெருமைப்பட்டதில்லை.

போன் காதில் இருந்தபடியே மறுமுனையில் அதிகாரி படத்தைத் திறந்தார். அது அவர் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு திறந்தது.

"பளிச்சுன்னு இருக்கே" என்றார் அதிகாரி. "இதுல என்ன கஷ்டம்? இருங்க, நான் இங்கேருந்தே அமுக்கிடறேன்."

மவுஸ் தட்டும் ஒலி மட்டும் கேட்டது. முதலில் நிதானமாக. பிறகு அவசரமாக.

"மேனேஜர்."

"சார்?"

"இங்கயும் வந்துடுச்சு."

"எது சார்?"

"அந்தக் கேள்வி. என் கம்ப்யூட்டர்ல நிக்குது. ஆம்னாலும் போகல, இல்லைன்னாலும் போகல. என்னய்யா அனுப்பிச்சீங்க எனக்கு?" பிறகு தடாலென்று ஒரு சத்தம். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் மின்சாரத்தைப் பிடுங்கியிருக்கிறார்.

அன்று மதியத்துக்குள் எல்லாக் கிளைகளுக்கும் அவசர அறிவிப்பு போனது. படம் வழியாகப் பரவும் ஆபத்தான வைரஸ் ஒன்று நிறுவனத்துக்குள் நுழைந்திருக்கிறது. எந்தக் கிளையிலும், யாரும், எந்தப் படத்தையும் திறக்கக்கூடாது. ஊழியர்கள் அடையாளம் கண்டுகொள்ள வசதியாக அந்தப் படமே அறிவிப்போடு இணைக்கப்பட்டிருந்தது. எதைத் திறக்கக்கூடாது என்று தெரிந்துகொள்ள எல்லாக் கிளையினரும் அதைத் திறந்தார்கள். திறந்தவர்கள் எல்லாரும் "ஆம்" என்பதை அமுக்கினார்கள். சாயங்காலத்துக்குள் மெத்தைக் கம்பெனியின் கிளைகள் ஒவ்வொன்றும் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, இருட்டில் கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டன.

மறுநாள் ரிப்பேர்காரத் தம்பி புது மாப்பிள்ளைக் களை மாறாமல் வந்து சேர்ந்தபோது கம்பெனியே அவனைச் சூழ்ந்துகொண்டது. அவன் திரையைப் பார்த்தான். கேள்விப் பெட்டியின் மேல் மவுஸை வைத்து ஒரு கட்டம் இழுத்துப் பார்த்தான். கட்டம் கேள்விக்குக் குறுக்கே, காற்றில் கோடு போட்டதுபோலப் போனது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். நாலைந்து தட்டு. திரை முழுக்கப் பச்சை நிறம் பரவியது. கேள்வியைக் காணவில்லை. கூடவே பழைய ஃபோல்டரும் போயிருந்தது.

"எப்படிய்யா விரட்டினே?" என்றார் மேனேஜர்.

"விரட்டவெல்லாம் இல்ல சார். பின்னணியை மாத்தினேன். யாரோ ஸ்கிரீன்ஷாட்டைப் பின்னணியா வெச்சிருக்காங்க." அவன் கண் படக்காவின்மேல் போய் நின்றது.

படக்காவுக்குக் காது சூடானது. பின்னணி என்ற சொல் அப்போதுதான் அவள் மண்டைக்குள் ஒரு தடவை குப்புறப் புரண்டு நிமிர்ந்தது. தினமும் சாயங்காலம் தான் செய்து வந்தது இன்னதென்று ஒரே கணத்தில் விளங்கியது. மறைக்க நினைக்கவில்லை. அது அவள் சுபாவம் இல்லை.

"நான்தான் சார் வெச்சேன்" என்றாள். "பத்திரமா இருக்கும்னு நெனச்சு நான்தான் பின்னால வெச்சேன்."

மேனேஜர் அவளை நெகிழ்ந்து போய்ப் பார்த்தார். "உங்களுக்கு ரொம்ப நல்ல மனசும்மா. பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. ஆனா வைரஸ்னு தலைமை அலுவலகமே சொல்லியாச்சு."

"வைரஸ் இல்ல சார். நான்தான்."

"நீங்க எப்படிம்மா எல்லாக் கிளைக்கும் போக முடியும்?"

"சத்தியமா சார். படம் இருக்கு, காட்டறேன்." அவள் ஃபோல்டரைத் திறக்கப் போனாள்.

"திறக்காதீங்க!" என்று மேனேஜர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். கணக்குப் பிரிவு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கிடங்குக்காரர், "ஏன் படக்கா, ஒரு தடவை பட்டது போதாதா?" என்றார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்து, தலைமை அலுவலகத்து அதிகாரி மின்சாரத்தைப் பிடுங்கிய கதையைக் கேட்டதும் மூடிக்கொண்டான். பெரிய இடத்துச் சமாசாரம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பட்டறை முக்காலியில் உட்கார்ந்து, கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் ஒரு தாடையை உப்புக் காகிதத்தால் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியா" என்று அவர் சொல்வதற்காக அவள் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. "அந்த ஆபீசர் அங்கேருந்தே அமுக்கறேன்னாரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அமுக்கினார்."

அவர் தாடையைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. சிரிக்கத் தொடங்கியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததேயில்லை. அலமாரியில் இருந்த அத்தனை வாய்களும் கூடச் சேர்ந்து சிரிப்பதுபோல இருந்தது. அவளுக்கும் வந்துவிட்டது.

"எங்க, அந்தப் படத்தைக் காட்டு."

சாட்சிக்காகத் தனக்கே அனுப்பி வைத்திருந்ததை அவள் டேப்லட்டில் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும், அவருடைய ஆள்காட்டி விரல் தன்னாலே போய் "ஆம்" என்பதை அமுக்கியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

கம்பெனியில் விஷயம் அத்தோடு முடியவில்லை. வைரஸை முதலில் கண்டுபிடித்த கிளை என்று மேனேஜருக்குத் தலைமை அலுவலகத்தில் மாலை போட்டார்கள். இனிமேல் இப்படி நடக்காமலிருக்க ஊழியர்களுக்குப் பயிற்சி தேவை என்று அங்கேயே முடிவாயிற்று. ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் இருப்பது எப்படி என்பது பயிற்சியின் தலைப்பு. அதை நடத்தத் தகுதியுள்ள ஆள் யார் என்று கேட்டபோது, எடுத்து அனுபவமுள்ள ஒரே ஆள் என்று மேனேஜர் படக்காவின் பெயரைச் சொன்னார்.

"எடுக்காதீங்கன்னு ஒரு வரியில சொல்லலாமே சார், அதுக்கு எதுக்குப் பயிற்சி?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள். "அரை நாள் ஒதுக்கியிருக்காங்கம்மா" என்றார் அவர்.

இப்படியாக மெத்தைக் கம்பெனியின் ஆர்டர் பிரிவு அக்கா கிளை கிளையாகப் போகிறவள் ஆனாள். முதலில் போன கிளையில் ஒரு நீளமான அறை, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், அவற்றின் முன்னால் பயந்த முகங்கள். ஒருவர் கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தார். விற்பனைப் பிரிவில் இருந்த, தலை நரைத்த ஒரு அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் கையைத் தூக்கினார்.

"அக்கா, ஒரு சந்தேகம். எது எடுக்கிற விசைன்னு தெரிஞ்சாத்தானே எடுக்காம இருக்க முடியும்?"

படக்கா யோசித்தாள். கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "மேல்வரிசையில வலது பக்கம் பாருங்க. பிரிண்ட்னு போட்டிருக்கும்."

"இதுவா? இது பிரிண்டரோடதுன்னு நெனச்சேனே!"

"நானும் அப்படித்தான்மா நெனச்சேன்." படக்காவுக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "அதை மட்டும் அமுக்கினா படம் கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குப் போயிடும். இந்தப் பக்கம் சன்னல் மாதிரி ஒரு விசை இருக்கு பாருங்க, அதையும் சேத்து அமுக்கினாத்தான் ஃபோல்டர்ல போய் நிக்கும். ரெண்டையும் ஒண்ணா அமுக்கக் கூடாது."

"எப்படி? இப்படியா?"

"இல்லம்மா, அந்த விரல் இல்ல. இதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அதைத் தட்டணும். அப்படித் தட்டக் கூடாது."

முன்வரிசை அம்மாவின் திரை இருண்டு வெளுத்தது. "ஐயோ, எடுத்துட்டேன்!" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை. ஃபோல்டரைத் திறந்து பார்த்தார்கள், படம் சாதுவாக உள்ளே இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ "நானும் ஒண்ணு எடுக்காம இருந்து பாக்கறேன்" என்றார். மேசைக்குக் கீழே இருந்த கை மேலே வந்தது. ஒவ்வொரு திரையாக இருண்டு வெளுக்கத் தொடங்கி, வரிசை முழுக்க, அறை முழுக்கக் கண் சிமிட்டல் பரவியது. படக்கா நடுவில் நின்று, "பின்னணின்னு ஒண்ணு வரும், அதைத் தொடாதீங்க, அதை மட்டும் தொடாதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்ததால் அவள் கண்டிப்பாகத்தான் சொல்கிறாள் என்பதை ஒருவரும் நம்பவில்லை.